நாத்தனார் திட்டவில்லை என்றொரு புகார்

நாத்தனார் தன்னைத் திட்டவில்லை என்று ஆஸ்பத்திரியில் போய்ப் புகார் கொடுத்த பெண் உலகத்திலேயே செக்கர் ஒருத்தியாகத்தான் இருப்பாள். புகாரைக் கேட்ட நர்ஸ் சிரித்தார். பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகள் சிரித்தாள். போனில் கேட்ட கொழுந்தனும் சிரித்தார். சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. ஓர் உயிர் அமுங்கிக்கொண்டிருந்தது, அதை அவள் ஒருத்தி கவனித்தாள், அவ்வளவுதான்.

செக்கர் என்பது அவள் வேலையின் பெயர். துணி ஆலையில் முப்பத்தொரு வருஷம் அவள் பார்த்தது அந்த ஒரே வேலை. சாய்வாக ஒரு கண்ணாடி மேஜை, அதன் அடியில் குழல்விளக்குகள், மேலே துணி ஓடிக்கொண்டே இருக்கும். குறுக்கே ஓடும் ஊடை நூல் விட்டுப்போன இடம், முடிச்சு, எண்ணெய்க் கறை, எது கண்ணில் பட்டாலும் காலடிக் கட்டையை மிதித்துத் துணியை நிறுத்தி, ஓரத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு மறுபடி ஓடவிட வேண்டும். ஓட்டையும் கறையும் யார் கண்ணுக்கும் தெரியும். நிறம்தான் கஷ்டம். சாயம் ஒரேயடியாக மாறாது. பத்து மீட்டருக்குக் கடுகளவு என்று மங்கிக்கொண்டே போகும். பார்த்துக்கொண்டே நிற்கிறவளுக்கு அது தெரியாது, ஏனென்றால் ஒரு நிமிஷத்துக்கு முன்னால் பார்த்ததுதான் அவளுக்கு அளவு. அதனால் நல்ல செக்கர்கள் முதலில் ஒப்புக்கொண்ட துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி மேஜை ஓரத்தில் குத்தி வைத்திருப்பார்கள். அவ்வப்போது துணியை நிறுத்தி அந்த மாதிரித் துண்டோடு ஒட்டவைத்துப் பார்ப்பார்கள். இதை அவளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் அவள் பார்த்து அனுப்பிய எண்ணூறு மீட்டர் துணி, நிறம் மங்கியதென்று திரும்பி வந்தது. அன்றைக்குக் கற்றுக்கொண்டாள்.

அவளுடைய நாத்தனார், அதாவது புருஷனின் அக்கா, பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏனென்று கேட்டவர்களிடம், "ஒன்பது நடைமேடையை மேய்க்கிறேன், பத்தாவதா ஒண்ணு எதுக்கு?" என்பாள். குரல் அப்படிக் கணீரென்று இருக்கும். அதனால் 'வெண்கலம்' என்று பெயர் வந்தது. வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி அவள் நடந்துகொள்வாள் என்பதாலும் அந்தப் பெயர் பொருந்தியது. "நாலாம் நடைமேடையில் வாழைப்பழத் தோலைப் போட்ட நீலச்சட்டைக்காரர் உடனே வந்து எடுத்துக்கொள்ளவும். பஸ் காத்திருக்கும்," என்று மைக்கில் சொன்னவள் அவள். மேலதிகாரி விளக்கம் கேட்டு எழுதினார். "எடுத்தாரா இல்லையா, அதைக் கேளுங்க," என்று பதில் எழுதினாள்.

செக்கர் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் வெண்கலம் அவளுக்கு வைத்த பெயர் 'வந்தவ'. முப்பத்தைந்து வருஷம் கழித்தும் அதுதான் பெயர். புருஷன் இறந்து ஒன்பது வருஷம் ஆனபின்பும், "வந்தவளே, கதவைச் சாத்து" தான். ஆனால் புதுமருமகள் ஆலை வேலைக்குப் போவதா என்று வீடே முறைத்துக்கொண்டு நின்றபோது, "ஒரே வீட்ல ரெண்டு பொம்பளை பகல் முழுக்க உக்காந்திருந்தா வெட்டுக்குத்துதான். அவ போகட்டும்," என்று முடித்துவைத்தவளும் வெண்கலம்தான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் வெண்கலத்துக்கு மறதி நோய் தொடங்கியது. தம்பி செத்தது மறந்தது. சாப்பிட்டது மறந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றது மறந்து, காலையில் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். வாயை மட்டும் நோய் தொடவில்லை.

"வந்தவளே, இது டீயா, பாத்திரம் கழுவின தண்ணியா?"

"இன்னும் சர்க்கரை போடல அக்கா. கொஞ்சம் பொறுங்க."

"சர்க்கரை போட்டா கழுவின தண்ணி இனிக்கும். டீ ஆகாது."

இப்படி ஒரு நாளைக்கு முப்பது தடவை. இது சண்டை என்று வெளியில் இருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அந்த வீட்டில் இதற்குப் பெயர் பேச்சு.

ஒரு திங்கட்கிழமை காலை வெண்கலம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. மறுநாள் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே செக்கர் ஒரு தப்பு செய்தாள். நம் வீடுகளில் யாரும் செய்கிற தப்புதான். பிள்ளையை யார் வீட்டிலாவது விடும்போது, "கொஞ்சம் வாலு, கண்டுக்காதீங்க," என்று முந்திக்கொண்டு சொல்லிவைப்போம் இல்லையா, அதைப்போல வார்டு நர்ஸிடம் சொன்னாள்:

"சிஸ்டர், அவங்களுக்கு ஞாபக மறதி. வாய் கொஞ்சம் நீளம். ஏதாச்சும் சொல்லிட்டா மனசுல வெச்சுக்காதீங்க. தொந்தரவு குடுத்தா மன்னிச்சுக்கோங்க."

"கவலைப்படாதீங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொண்டார்கள். ராத்திரி எட்டு மணிக்குமேல் நோயாளியோடு யாரும் இருக்கக் கூடாது என்பது வார்டு விதி. தெரியாத இடம், முறிந்த இடுப்பு, பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. "வந்தவ எங்க?" என்று வெண்கலம் வார்டே அதிரக் கத்தியிருக்கிறாள். வலிக்கிறதா என்று கேட்டார்களா என்பது செக்கருக்குக் கடைசிவரை தெரியவில்லை. தூக்க மாத்திரை கொடுத்தார்கள் என்பது தெரிந்தது. மறுநாள் ஆபரேஷனுக்கு முன்னால் காது கேட்க அவள் மாட்டியிருந்த கருவியைக் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டில் அருகே உள்ள சின்ன அலமாரியில் வைத்தார்கள். ஆபரேஷன் முடிந்து, காயத்தின் மேல் ஒட்டிய பிளாஸ்திரி தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் அரித்தது. அதற்கு ஒரு மாத்திரை. மூன்று வேளை என்று அட்டையில் எழுதினார்கள். எழுதியவர் வீட்டுக்குப் போனார். நிறுத்தவேண்டியது யார் வேலை? யார் வேலையும் இல்லை.

புதன்கிழமை வெண்கலம் தூங்கினாள். ஆபரேஷன் மயக்கம் என்றார்கள். வியாழக்கிழமை கண்ணைத் திறந்தாள், பேசவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த வியாழக்கிழமை காலை செக்கருக்குச் சுகமாக இருந்தது. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு டீயைச் சூடு ஆறுவதற்குள் குடித்தாள். பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகளிடம் பத்திரிகை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள். எலும்பு டாக்டர் வந்து காயத்தைப் பார்த்துவிட்டு, "வெரி குட். அமைதியா ஒத்துழைக்கறாங்க," என்று சொன்னபோது தன் பிள்ளையை யாரோ மெச்சிய மாதிரி தலையாட்டினாள். நமக்கு வேண்டிய பக்கமாகச் சாய்கிற பிழையை நம் கண் பார்ப்பதில்லை. முப்பத்தொரு வருஷம் பிழை பார்த்த கண்ணும் அரைநாள் பார்க்கவில்லை. பிற்பாடு யார்மேல் எவ்வளவு கோபப்பட்டாலும், அந்த அரைநாளை அவள் கணக்கில் விட்டதில்லை.

மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது அவள் கை தவறி, வெண்கலத்தின் கழுத்தில் வழிந்தது. செக்கர் தன்னையறியாமல் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள். திட்டு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். வெண்கலத்தின் கண் திறந்துதான் இருந்தது. எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கஞ்சி வாயில் அப்படியே நின்றது. விழுங்கவில்லை, துப்பவும் இல்லை.

"அக்கா?"

ஒன்றும் இல்லை.

"அக்கா, கஞ்சியைக் கொட்டிட்டேன். மேலெல்லாம் கொட்டிட்டேன் பாருங்க."

கண் மெதுவாகத் திரும்பி, அவள்மேல் ஒரு நொடி நின்று, நழுவிப் போனது. செக்கர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழுந்து நர்ஸ் மேஜைக்குப் போனாள்.

"சிஸ்டர், எங்கக்கா என்னைத் திட்டவே இல்ல."

அப்போதுதான் அந்தச் சிரிப்பு.

"அம்மா, மத்தவங்கள்லாம் சத்தம் போடறாங்கன்னு வந்து நிப்பாங்க. நீங்க என்ன, திட்டலைன்னு வந்து நிக்கறீங்க?"

"அவங்க பேசாம இருக்கற ஆளு இல்ல சிஸ்டர்."

"வயசு எழுபத்தாறு. மறதி நோய் வேற. ஆபரேஷன் ஆன உடம்பு. இருக்கட்டுமே, ரெஸ்ட் எடுக்கட்டும்."

நர்ஸ் கெட்டவர் இல்லை. இருபத்தெட்டுக் கட்டிலுக்கு இரண்டு பேர். ஒருவர் சொட்டுமருந்து ஊசியைப் பிடுங்குகிறார், ஒருவர் கட்டிலை விட்டு இறங்கி ஓடுகிறார், இன்னொருவர் தன்னைக் கடத்திவந்துவிட்டார்கள் என்று போலீஸைக் கூப்பிடுகிறார். அவர்களிடம்தான் ஓடவேண்டியிருக்கிறது. கத்துகிறவர்களுக்கு ஆள் வருவார்கள். கத்தத் தெம்பில்லாமல் போனவர்களுக்கு 'அமைதி' என்று எழுதுவார்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் மாறும். புதிதாக வருகிறவர், போகிறவர் விட்டுச்சென்ற வெண்கலத்தைத்தான் உண்மையான வெண்கலம் என்று நினைப்பார். அந்த வார்டில் யாரிடமும் மாதிரித் துண்டு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை எலும்பு டாக்டர் வந்தபோது செக்கர் கட்டில் கால்மாட்டில் நின்று மறித்தாள்.

"டாக்டர், ஞாயித்துக்கிழமை இவங்க இப்படி இல்ல."

"மறதி நோய் இருக்கறவங்களுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தா கொஞ்சம் கூடத்தான் செய்யும்மா. ஆபரேஷன் நல்லா முடிஞ்சிருக்கு. எக்ஸ்ரே பாத்தீங்களா, அருமையா இருக்கு."

"எலும்பு நல்லாத்தான் இருக்கும். ஆள் எங்க?"

டாக்டர் அவளை முதல் தடவையாகப் பார்த்தார். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி பொண்டாட்டி."

"ரத்த சொந்தம் யாராவது இருந்தா வரச்சொல்லுங்க. சாப்பாடு இறங்கல, நாளைக்கு மூக்கு வழியா குழாய் போடணும். கையெழுத்து வேணும்."

ரத்த சொந்தம் மத்தியானம் வந்தார். கொழுந்தன், வெண்கலத்தின் கடைசித் தம்பி, மாதத்துக்கு ஒரு தடவை பழத்தோடு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர். டாக்டர் அவரிடம் இருபது நிமிஷம் பேசினார். வெளியே வந்தவர் முகத்தில் நிம்மதி.

"அண்ணி, டாக்டர் தெளிவா சொல்லிட்டார். அக்காவுக்கு நோய் முத்திடுச்சு. இனிமே இப்படித்தானாம். குழாய் போட்டு, திங்கட்கிழமை நேரா காப்பகத்துக்குக் கொண்டுபோயிடலாம். நான் இடம் பேசிட்டேன். நீங்களும் எவ்வளவு நாள்தான் திட்டு வாங்குவீங்க?"

"நோய் நாலு நாள்ல முத்துமா தம்பி?"

"டாக்டர் சொல்றார் அண்ணி."

"அஞ்சு வருஷமா முத்தாதது, உங்க பழம் தீர்றதுக்குள்ள முத்திடுச்சா?"

"இப்ப என்ன, டாக்டரைவிட உங்களுக்குத் தெரியுமா?"

"வைத்தியம் தெரியாது. உங்கக்காவைத் தெரியும்."

கொழுந்தன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். காலையில் குழாய். அதற்குமுன் அரைப்பகலும் ஒரு ராத்திரியும் மிச்சம் இருந்தன. அழுது பிரயோஜனம் இல்லை என்று செக்கருக்குத் தெரியும். ஆலையில் அழுதுகொண்டு நின்றவள் பேச்சை யாரும் கேட்டதில்லை. எந்த மீட்டரில், எவ்வளவு தூரத்துக்கு என்று சொன்னவள் பேச்சைத்தான் கேட்டார்கள். நாற்காலியைக் கட்டிலை ஒட்டிப் போட்டுக்கொண்டு பார்க்க உட்கார்ந்தாள்.

முதலில் துப்புரவு அம்மா டயபர் மாற்ற வந்தார்.

"மூத்திரம் எப்படிம்மா போகுது?"

"இவங்களால ஒரு தொந்தரவும் இல்ல. சொட்டுச் சொட்டாத்தான் நனையுது. நேத்துலருந்தே அப்படித்தான். எனக்கு வேலை மிச்சம்."

செக்கர் கையை வெண்கலத்தின் அடிவயிற்றில் வைத்தாள். கல் மாதிரி இருந்தது. அழுத்தினதும் வெண்கலத்தின் முகம் சுருங்கியது. இரண்டு நாளில் அந்த முகம் செய்த முதல் காரியம் அது.

மாத்திரைத் தட்டோடு நர்ஸ் வந்தார். வெள்ளை, மஞ்சள், சின்னதாக ஒரு நீலம். "இது எதுக்கு சிஸ்டர்?"

"டாக்டர் எழுதினது."

"எதுக்குன்னு கேட்டேன்."

"அதெல்லாம் சார்ட்ல இருக்கும்மா. சார்ட்டை வெளியாளுங்களுக்குக் காட்டக் கூடாது."

முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள் வெளியாள். நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் குப்பைத் தொட்டியில் விழுந்த காலி மாத்திரை அட்டைகள் இரண்டை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருந்த மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அட்டைகளைப் பார்த்தார்.

"ஒண்ணு தூக்கத்துக்கு. இந்த நீலம் அரிப்புக்கு. யாருக்கு?"

"எழுபத்தாறு வயசு. மறதி நோய் இருக்கு."

"எத்தனை வேளை?"

"மூணு. செவ்வாய்க்கிழமையிலருந்து."

கடைக்காரர் அட்டையைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தினார். "நான் டாக்டர் இல்லம்மா. நான் சொன்னதா சொல்லாதீங்க. இந்த நீலம் வயசானவங்களை அமுக்கிப் போட்டுடும். மூளையைக் கலக்கும். மூத்திரத்தையும் கட்டும். இதோட தூக்க மாத்திரையும் சேந்தா, கேக்கவே வேணாம்."

திரும்பி வந்தபோது பகல் டூட்டி முடிந்து, சாயங்கால டூட்டிக்கு ஓர் இளவயது டாக்டர் வந்திருந்தார். தூக்கமில்லாத கண். மேஜையில் பாதி கடித்த பன். செக்கர் அவர்முன் போய் நின்று, தினக்காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருந்ததைப் படித்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஞாயித்துக்கிழமை தானா எந்திரிச்சு, செவுத்தைப் பிடிச்சு வாசல் வரைக்கும் நடந்தாங்க. கரண்டி பிடிச்சு அவங்களே சாப்பிட்டாங்க. தண்ணி சுடுதுன்னு மூணு தடவை திட்டினாங்க. ஒன்பதாம் நடைமேடையிலருந்து ஒண்ணு வரைக்கும் எந்த எந்த ஊர் பஸ்ஸுன்னு தலைகீழா சொன்னாங்க, தினம் சொல்வாங்க. திங்கக்கிழமை ராத்திரி தூக்க மாத்திரை. செவ்வா ராத்திரியிலருந்து இந்த நீல மாத்திரை, இதுவரைக்கும் ஒன்பது. புதன்கிழமை காலைல மூத்திரக் குழாயை எடுத்தாங்க. அதுக்கப்புறம் சொட்டுதான். அடிவயிறு கல்லா இருக்கு. இன்னிக்குக் காலைல பத்து மணிக்குக் கொஞ்சம் முழிச்சு என் கையைப் பிடிச்சாங்க, பதினோரு மணிக்கு மறுபடி போயிட்டாங்க. காது மிஷின் நாலு நாளா அலமாரில கிடக்கு. அது இல்லாட்டி இடி விழுந்தாலும் அவங்களுக்குக் கேக்காது."

இளம் டாக்டர் பன்னை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். வெண்கலத்தின் காதில் கருவியை மாட்டச் சொன்னார். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பாட்டிம்மா, ஒன்பதாம் நடைமேடையில என்ன பஸ்?"

உதடு அசைந்தது. "ஒன்ப..." என்று தொடங்கி, எங்கே போகிறோம் என்பது மறந்தவர்போல நின்றுவிட்டது. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். உடனே குழாய் கொண்டுவரச் சொன்னார். மூக்குக்கு இல்லை. ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. செக்கர் அந்தப் பை நிறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதுக்கு டெலிரியம்னு பேரும்மா," என்றார் டாக்டர், சார்ட்டில் இரண்டு மாத்திரைகளை அடித்துக்கொண்டே. "திடீர்னு வர்ற மூளைக் குழப்பம். மறதி நோய் இல்ல, அதுமேல ஏறி உக்காந்த வேற ஒண்ணு. சிலர் கத்துவாங்க, பிடுங்குவாங்க. சிலர் இப்படி அடங்கிப்போயிடுவாங்க. அடங்கிப்போறதைத்தான் யாரும் கவனிக்க மாட்டாங்க."

"இது புது நோயா டாக்டர்?"

"இல்ல, பழசுதான்."

"எப்பவாச்சும் ஒருத்தருக்கு வர்றதா?"

"இல்லம்மா. மறதி நோய் இருக்கறவங்களுக்கு ஆஸ்பத்திரில நிறையப் பேருக்கு வரும்."

"புஸ்தகத்துல இருக்கு?"

"இருக்கு."

"எலும்பு டாக்டரும் படிச்சிருப்பாரு?"

இளம் டாக்டர் பேனாவை மூடினார். அதுவரை செக்கருக்கு இருந்தது பயம்தான். கோபம் அந்த இடத்தில்தான் வந்தது. யாருக்கும் தெரியாத நோய் என்றால் விதி என்று விட்டிருப்பாள். தெரிந்த நோய், அடிக்கடி வருகிற நோய், புத்தகத்தில் பெயர் போட்ட நோய். அது ஒரு கிழவியின் மேல் ஏறி உட்கார்ந்தபோது, 'வெரி குட்' என்றார்கள்.

சனிக்கிழமை மூக்குக் குழாயை இளம் டாக்டர் தள்ளிவைத்தார். அன்றைக்கு ஒரு மாற்றமும் இல்லை. செக்கரை ராத்திரியும் கூட இருக்க எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெண்கலம் கண்ணைத் திறந்து, வார்டைச் சுற்றிப் பார்த்து, செக்கர்மேல் பார்வையை நிறுத்தினாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்சே?"

குரல் தகரம் மாதிரி வந்தது. ஆனாலும் வார்டு முழுக்கக் கேட்டது.

"இங்கதான் அக்கா இருந்தேன்."

"பொய் சொல்றே. நான் கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் கூப்பிட்டேன்."

நர்ஸ் அங்கிருந்தே சிரித்தார். "என்னம்மா, திட்டு வாங்கியாச்சா? இப்ப சந்தோஷமா?"

செக்கர் திரும்பினாள். "எனக்கு எதுக்கு சிஸ்டர் சந்தோஷம்? நாலு நாள் ஒரு மனுஷி உள்ள கிடந்து கூப்பிட்டிருக்காங்க. வெளிய நீங்க 'அமைதி'ன்னு எழுதிட்டிருந்தீங்க. நான் பத்திரிகை படிச்சிட்டிருந்தேன்."

நர்ஸின் சிரிப்பு நின்றது. பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகள் எழுந்துபோய், தன் அம்மாவின் கன்னத்தைத் தட்டி, "அம்மா, என்னைத் தெரியுதா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

அப்புறம் நேராகச் சரியாகிவிடவில்லை. திங்கட்கிழமை மறுபடி மங்கல். செவ்வாய் தெளிவு. வியாழக்கிழமை ஓர் ஆளைப் பிடித்து உட்கார்ந்தாள். ஆனால் போனது எல்லாம் வரவில்லை. சுவரைப் பிடித்து நடந்த கால் பத்து நாள் படுக்கையில் நூலாக இளைத்திருந்தது, எழுப்பி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒன்பதாம் நடைமேடை வந்தது, எட்டு வந்தது, ஏழில் நின்றது. ஆறு மாதத்தில் கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் இளம் டாக்டர்.

அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். காப்பகம் என்ற பேச்சைக் கொழுந்தன் எடுக்கவில்லை. அக்காவிடம், "பழம் எதுக்குடா, வாயைப் பாத்துக்கிட்டு உக்காரவா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டபின் அவருக்கு அந்தத் தைரியம் இல்லை. வண்டி வெளியே நின்றது. எழுத்தர் கொண்டுவந்த தாளைச் செக்கர் நின்றபடியே முழுக்கப் படித்தாள். எலும்பின் பெயர், உள்ளே வைத்த தகட்டின் அளவு, தையல் பிரிக்கும் தேதி. கடைசியில் ஒரு வரி: நோயாளி மருத்துவமனையில் இருந்த நாட்களில் அமைதியாக ஒத்துழைத்தார்.

"இந்த வரி தப்பு," என்றாள்.

"அது எல்லாருக்கும் வர்ற வரிம்மா. கம்ப்யூட்டர்லயே இருக்கு."

"எடுங்க. நடந்ததை எழுதுங்க."

"அதெல்லாம் நான் மாத்த முடியாது."

செக்கர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தக் கட்டிலுக்கு வரவேண்டிய அடுத்த நோயாளி நடையில் காத்திருந்தார். கொழுந்தன் கையைப் பிசைந்தார். "அண்ணி, வண்டிக்காரன் கத்துறான்."

"கத்துறவங்களுக்கு இங்க ஆள் வருவாங்க. போய்ப் பாத்துக்கோங்க."

எலும்பு டாக்டர் வந்தார். முகம் சிவந்திருந்தது. "கேஸ் கீஸ் போடற உத்தேசமா?"

"இல்ல டாக்டர். அடுத்த தடவை அக்கா விழுந்தா, வேற ஆஸ்பத்திரி, வேற டாக்டர். அவர் இந்தத் தாளைத்தானே படிப்பாரு? இதுல ஒண்ணும் இல்லாட்டி அதே மாத்திரையைக் குடுப்பாரு. அக்கா அதே மாதிரி அடங்கிப்போவாங்க. அவரும் வெரி குட்னு சொல்வாரு."

"நீங்க பக்கத்துல இருந்து சொல்லுங்களேன்."

"போன வாரம் வெள்ளிக்கிழமை பக்கத்துல இருந்துதான் சொன்னேன். நீங்க என்ன வேணும்னு கேட்டீங்க."

நடையில் காத்திருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் எழுத்தரைப் பார்த்தார், எழுத்தர் தரையைப் பார்த்தார். இளம் டாக்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, கீழே கையாலேயே எழுதினார்: ஆபரேஷனுக்குப்பின் நான்கு நாள் டெலிரியம், அடங்கிப்போகும் வகை. காரணம், இன்னின்ன மாத்திரைகளும் சிறுநீர் அடைப்பும். இந்த மாத்திரைகளை இவருக்குக் கொடுக்கக் கூடாது. பேசாமல் இருந்தால் உடனே பரிசோதிக்கவும். இவர் இயல்பில் பேசாதவர் அல்லர். எலும்பு டாக்டர் கீழே கையெழுத்துப் போட்டார். படித்துவிட்டுப் போட்டாரா என்று சொல்ல முடியாது.

வாசலில் இருந்த கடையில் செக்கர் ஐந்து நகல் எடுத்தாள். வண்டியில் வெண்கலத்தை ஏற்றி உட்காரவைத்ததும் ஒன்றைக் கொழுந்தனிடம் நீட்டினாள். அவர் வாங்கி, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைக்கப் போனார்.

"படிங்க."

"வீட்டுக்குப் போய்ப் படிக்கறேன் அண்ணி."

"அன்னிக்குக் கையெழுத்துப் போட்டப்பவும் படிக்கல. நான் ஊர்ல இல்லாத நாள்ல அக்கா விழுந்தா உங்களைத்தான் கூப்பிடுவாங்க. ரத்த சொந்தம் நீங்கதான். படிங்க, சத்தமா."

"நடுரோட்டுலயா?"

"நடுரோட்டுலதான்."

கொழுந்தன் தாளைப் பிரித்தார். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, கையால் எழுதியதில் முதல் வரியைப் படித்தார், இரண்டாவதைப் படித்தார். மூன்றாவது வரியில் குரல் இறங்கியது.

"கேக்கல," என்றாள் செக்கர். "மறுபடி."